சாம்பாரில் பருப்பு எங்கே? புதிதாகச் சமைப்பவர்களுக்கு ஒரு பருப்பு, பயறு வழிகாட்டி

சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் மூன்று வருடம் இருந்தேன். மூன்று வேளையும் மெஸ் சாப்பாடுதான். காலையில் இட்லிக்குச் சாம்பார், மதியம் சோற்றுக்குச் சாம்பார், ராத்திரி தோசைக்கும் அதே சாம்பார். பருப்புக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் போன் பேசிக்கொண்டே கிண்ணத்துச் சாம்பாரை மறந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே தெளிந்த புளித்தண்ணீர், நடுவில் இரண்டு பூசணித் துண்டு, அடியில் மெல்லிய படலமாகக் கொஞ்சம் பருப்பு. ஒரு ஸ்பூன் இருந்தால் அதிகம்.

நம் சமையலில் பருப்பு இல்லாத நாள் கிடையாது என்பது உண்மை. அந்தப் பருப்பு எவ்வளவு என்று கேட்டால்தான் பதில் இடிக்கிறது. தனியாக அறை எடுத்துச் சமைக்கத் தொடங்கியவர்கள், கல்யாணமாகிப் புதுக்குடித்தனம் போட்டவர்கள், டாக்டர் “புரதம் சேர்த்துக்கோங்க” என்று சொல்லி அனுப்பியவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். புதுப் பண்டம் எதுவும் வாங்க வேண்டாம். பாட்டி செய்த சமையலே போதும், அளவை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

முதலில் ஒரு டம்ளரை எடுங்கள்

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகைகள் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். இது சமைக்காத எடை. வீட்டில் தராசு தேடவேண்டாம். 200 மில்லி பிடிக்கிற டம்ளரில் பாதி வரை துவரம் பருப்பைப் போட்டால் ஏறக்குறைய அந்த 85 கிராம் வந்துவிடும். ஆக, ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை டம்ளர்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாலு பேருக்குச் சாம்பார் வைக்க எத்தனை வீட்டில் அரை டம்ளருக்கு மேல் பருப்புப் போடுகிறார்கள்? அரை டம்ளரை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 20 கிராம் சொச்சம். துவரம் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அப்படியென்றால் ஒருவருக்குக் கிடைப்பது நாலரை கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கில், நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. இட்லியும் பெரிதாகக் கைகொடுக்காது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அரைக்கும் மாவில், நாலு இட்லியில் சுமார் 15 கிராம்தான் உளுந்து இருக்கும்.

முழு 85 கிராமும் சாப்பிட்டால் 18, 19 கிராம் புரதம் வந்துவிடும். மிச்சத்தை அரிசி, கோதுமை, பால், தயிர், முட்டை, மீன் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு எதையும் மாற்றாமல், சமைக்கும்போது எத்தனை டம்ளர் பருப்பு போகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று மட்டும் காலண்டரில் குறித்துப் பாருங்கள். அறிவுரையைவிட அந்தக் குறிப்பு நன்றாக வேலை செய்யும்.

கடையில் என்ன வாங்குவது

பயறு என்றால் தோலோடு இருக்கும் முழுசு. அதை உடைத்துத் தோல் நீக்கினால் பருப்பு. பச்சைப்பயறை உடைத்தால் பாசிப்பருப்பு, கொண்டைக்கடலையின் கறுப்பு ரகத்தை உடைத்தால் கடலைப்பருப்பு. இரண்டிலும் புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நார்ச்சத்து பெரும்பாலும் தோலில் இருப்பதால் முழுப் பயறில் அது கூடுதல். வயிறு நிறைந்து நிற்பதும், ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறுவதும் முழுப் பயறு சாப்பிடும்போதுதான் நன்றாகத் தெரியும்.

ஆரம்பத்தில் ஐந்து டப்பா போதும். துவரம் பருப்பு, பாசிப்பருப்பு, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, அப்புறம் கொள்ளு அல்லது தட்டைப்பயறு ஏதாவது ஒன்று. தட்டைப்பயறைச் சென்னைப் பக்கம் காராமணி என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். பழைய பயறு எத்தனை விசில் விட்டாலும் வேகாது, வெக்கையான அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் இன்னும் மோசம். ரேஷன் கார்டு இருந்தால் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும். வெளிக்கடையில் அதைப்போலப் பல மடங்கு விலை, அதனால் அதை விட்டுவிட வேண்டாம்.

கண்ணைப் பறிக்கும் பளபளப்பு, எலுமிச்சை மஞ்சள் நிறம் இவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். முதல் தடவை கழுவும்போதே தண்ணீர் பளீரென்று மஞ்சளாக இறங்கினால் அந்தக் கடையை மாற்றுங்கள். துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலப்பது பழைய கதை. அதைத் தொடர்ந்து நிறையச் சாப்பிட்டால் கால் முடங்கிப்போகும் ஆபத்து உண்டு. உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும் பருப்புகள் கலந்திருந்தால் அதுவாக இருக்கலாம்.

வண்டு வராமல் இருக்க ஒரு வெயில் காயவைத்து, ஆறியபின் டப்பாவில் போட்டு இரண்டு காய்ந்த மிளகாயையும் போட்டு மூடுங்கள். ஃபிரிட்ஜில் இடம் இருந்தால் அது இன்னும் நல்லது.

ஊற வைப்பதுதான் பாதி வேலை

கொண்டைக்கடலை, கொள்ளு இரண்டுக்கும் ராத்திரி முழுக்க, அதாவது எட்டு மணி நேரம். தட்டைப்பயறு, பச்சைப்பயறுக்கு நாலு மணி நேரம் போதும், அவசரத்துக்குப் பச்சைப்பயறை ஊறவைக்காமலும் வேகவைக்கலாம். துவரம் பருப்புக்கு அரை மணி. பாசிப்பருப்பைக் கழுவிவிட்டு நேராக அடுப்பில் ஏற்றலாம்.

ராத்திரி மறந்துவிட்டீர்களா? எல்லோரும் மறப்போம். காலையில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி ஹாட்பேக்கில் மூடிவைத்தால் இரண்டு மணி நேரத்தில் கொண்டைக்கடலை ஓரளவு ஊறிவிடும். விசில் மட்டும் இரண்டு கூட விடவேண்டும்.

ஊறின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். “சத்தெல்லாம் போயிடுமே” என்று அம்மா கேட்பார். நீரில் கரையும் சில வைட்டமின்கள் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் வயிற்றில் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பங்கும், இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு உறிஞ்சவிடாமல் கட்டிவைக்கும் பைட்டிக் அமிலத்தில் ஒரு பங்கும் அதோடு போய்விடுகின்றன. பயறு பழக்கம் இல்லாத வயிற்றுக்கு இந்தப் பேரம் லாபம்தான். வேகவைத்த தண்ணீர் வேறு கதை, அதைக் கொட்டக் கூடாது. ரசத்துக்கு அதுதான் அடிப்படை.

வேக வைக்கும்போது நான் செய்த தப்பு

முதல்முதலாகச் சாம்பார் வைத்தபோது வேலையை மிச்சம் பிடிப்பதாக நினைத்து பருப்பு, காய், புளிக்கரைசல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடினேன். ஆறு விசிலுக்கு அப்புறம் திறந்தால் காய் குழைந்து காணாமல் போயிருந்தது. பருப்பு மட்டும் கல்லுக் கல்லாக அடியில் கிடந்தது. புளிப்பு இருந்தால் பருப்பு மசியாது. புளி, தக்காளி, மாங்காய் எதுவானாலும் பருப்பு நன்றாக வெந்த பிறகுதான்.

போர் தண்ணீரிலும் இதே தொல்லை உண்டு. உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு பயறின் தோலை இறுக்கிவிடும். வேகவைக்க மட்டுமாவது குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பசோடா போட்டால் சீக்கிரம் வெந்துவிடும்தான், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அதில் அழிந்துபோகும். பயறில் நாம் தேடுகிற சத்தில் அதுவும் ஒன்று என்பதால் நான் சோடாவைத் தொடுவதில்லை.

குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பு நுரைத்துக்கொண்டு வந்து வெயிட் போடும் துளையை அடைக்கும். ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். துவரம் பருப்புக்கு நாலு விசில். கொண்டைக்கடலைக்கு இரண்டு விசில் வந்தபின் அடுப்பைச் சிம்மில் வைத்துப் பதினைந்து நிமிடம். வெந்ததா என்று பார்க்க, ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி கடினமாகத் தட்டுப்பட்டால் இன்னும் இரண்டு விசில். இந்த விரல் சோதனையைச் சோம்பலில் விட்டவர்கள்தான் “சுண்டல் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஆகாது” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ராஜ்மா சமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, பேதி கொண்டுவரும். ஊறின தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது கொதிக்கக் கொதிக்க வேகவேண்டும். குக்கரில் நன்றாக வேகவைத்தால் இந்தப் பயம் இல்லை.

சோறும் பருப்பும் ஏன் ஜோடி

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும், ஒரே கவளத்தில் போகவேண்டும் என்றுகூட இல்லை. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு நல்ல கணக்கு என்கிறார்கள் ஊட்டச்சத்துக்காரர்கள். கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து வீடுகளில் இந்தக் கணக்கு ரொம்ப நாளாகவே இருக்கிறது. அரிசியும் பருப்பும் சாதம் என்பார்கள்.

புதிதாகச் சமைப்பவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரே பாத்திரம், அரை மணி நேரம். ஒரு டம்ளர் அரிசிக்கு அவர்கள் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு டம்ளர் துவரம் பருப்பு போடுவார்கள். நான் அரை டம்ளர் போடுகிறேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. இரண்டையும் கழுவி இருபது நிமிடம் ஊறவிடுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், இரண்டு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளியுங்கள். பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், ஆறேழு பல் பூண்டு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் ஒரு சின்னத் தக்காளி, மஞ்சள்தூள், பெருங்காயம், கொஞ்சம் மிளகாய்த்தூள். தக்காளி ஒன்றே ஒன்று என்பதாலும் பருப்பு ஏற்கெனவே ஊறியிருப்பதாலும் இங்கே வேகாமல் போகாது. நாலரை டம்ளர் தண்ணீர், உப்பு, மூன்று விசில். திறந்ததும் மேலே மஞ்சளாகப் பருப்பு மிதந்து நிற்கும். கரண்டியால் அடியோடு ஒரு கிளறு கிளறி, நெய் விட்டு, தயிரோடு சாப்பிடுங்கள். இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம், ஆளுக்கு 40 கிராமுக்கு மேல் பருப்பு உள்ளே போயிருக்கும். நாள் கணக்கில் பாதி முடிந்தது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இதற்கு ஒரு அண்ணன் உண்டு, உளுந்தம்பருப்புச் சோறு. தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை லேசாக வறுத்து, அரிசி, தேங்காய்த் துருவல், பூண்டு, கொஞ்சம் வெந்தயம், சீரகம் சேர்த்துப் பொங்குவது. கூட எள்ளுத் துவையல். எள்ளில் மெத்தியோனின் நிறைய. அந்த ஜோடியை முடிவு பண்ணின ஆச்சிக்கு அமினோ அமிலம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, நாக்குத் தெரிந்திருக்கிறது.

பருப்பை அதிகமாக உள்ளே அனுப்ப இன்னும் சில வழிகள். பருப்பு உசிலியில் காயும் பருப்பும் சமபங்கு. அடை மாவில் அரிசிக்குச் சமமாகப் பருப்பு போகும், புளிக்க வைக்கவும் தேவையில்லை. கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு வந்து சமைக்க உடம்பு ஒத்துழைக்காத நாளில் சூடான சோறு, நல்லெண்ணெய், பருப்புப் பொடி. வடையும் பருப்புதானே என்று கேட்பவர்களுக்கு: பருப்புதான், கூடவே அது குடிக்கும் எண்ணெயையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சுண்டலை நவராத்திரியிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள்

ஒன்பது நாளும் சுண்டல் செய்துவிட்டு, அப்புறம் அடுத்த வருடம் வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பாத வீடுகள் அநேகம். சாயங்காலம் நாலரை மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல் என்று வாரத்தில் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 40 கிராம் கொண்டைக்கடலை, ஊறி வெந்தால் ஒரு கிண்ணம் நிறைய வரும். அதில் ஏழு, எட்டு கிராம் புரதம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு. ஃபோலேட், நார்ச்சத்து, இரும்பு எல்லாம் கூடவே வரும்.

பயறில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். மெரினாவில் விற்கிற தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலில் அந்த மாங்காய்த் துருவல் ருசிக்காகப் போட்டது, ஆனால் இந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வீட்டில் மாங்காய் இல்லாத மாதங்களில் அடுப்பை அணைத்தபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும், வைட்டமினும் போகும். அப்புறம் ஒரு கெட்ட செய்தி. சுண்டலும் டீயும் ஒன்றாகக் கூடாது. டீயில், காபியில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எனக்கே இது வாரத்தில் இரண்டு நாள்தான் முடிகிறது.

கொள்ளு பற்றிக் கொஞ்சம்

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்ற பழமொழியை வைத்துக்கொண்டு கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்புக் கரையும் என்று சொல்லித் திரிகிறார்கள். கொழுப்பைக் கரைக்கும் மாயம் எதுவும் அதில் இல்லை. நார்ச்சத்தும் புரதமும் அதிகம் என்பதால் கொஞ்சம் சாப்பிட்டாலே பசி அடங்கும், அந்த வகையில் பழமொழி சரிதான். 100 கிராம் கொள்ளில் 250 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பயறு வகைகளில் இது பெரிய அளவு. பாலில் இருப்பதைப்போல அத்தனை சுலபமாக உடம்பில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கல் பொறுக்கிவிட்டுச் செய்யுங்கள், கொள்ளில் கல் அதிகம். வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, ராத்திரி ஊறவைத்து, ஏழெட்டு விசில். வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கொத்தமல்லி விதை வதக்கிச் சேர்த்து மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் கொள்ளுப் பருப்பு. சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட வேண்டியது. ரசத்தை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளை ஒதுக்கினால் புரதமும் நாரும் சட்டியிலேயே தங்கிவிடும்.

முளைகட்டினால்

பச்சைப்பயறு சுலபம். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத் துணியில் கட்டி வைத்தால் சென்னை வெக்கைக்கு ஒரே நாளில் முளைவிடும். முளைக்கும்போது வைட்டமின் சி உண்டாகிறது, பைட்டிக் அமிலம் குறைகிறது, செரிமானமும் எளிது. கோடையில் இரண்டு தடவை தண்ணீர் தெளித்து அலச மறந்தால் பிசுபிசுவென்று நாற்றம் எடுக்கும். அதைக் கழுவிச் சாப்பிடலாமா என்று யோசிக்காதீர்கள், குப்பையில் போடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு எப்போதும் ஆவியில் வேகவைத்தே கொடுங்கள்.

வயிறு முரண்டு பிடித்தால்

திடீரென்று 20 கிராமிலிருந்து 85 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பி இரண்டாம் நாளே வெறுத்துப்போகும். முதல் வாரம் பாசிப்பருப்பில் ஆரம்பியுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் சாது. அடுத்த வாரம் பச்சைப்பயறு. மூன்றாவது வாரம் கொண்டைக்கடலை. கொள்ளு, மொச்சை கடைசியில். இஞ்சி, பூண்டு, பெருங்காயம், சீரகம் தாராளமாகப் போடுங்கள். நார்ச்சத்து கூடும்போது தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வந்து பழி பயறின் மேல் விழும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த 85 கிராம் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்குப் புரதம் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். சுத்த சைவம் சாப்பிடுபவர்கள் பயறை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். பி12 எந்தப் பயறிலும் இல்லை, அதற்குப் பாலோ தயிரோ வேண்டும். அவையும் தொடாதவர்கள் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு சின்ன உபாயம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு டம்ளர் கொண்டைக்கடலையை மொத்தமாக வேகவைத்து, தண்ணீர் வடித்து, ஆறவைத்து, ஒருவேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து டப்பாக்களில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் தாங்கும். ஒரு டப்பாவை எடுத்து வெந்நீரில் போட்டால் பத்து நிமிடத்தில் தாளிக்கத் தயார். மூடியில் தேதியும் பெயரும் எழுதி ஒட்டுங்கள். உறைந்துபோனால் கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருதடவை புளிக்குழம்பில் மாற்றிப் போட்டிருக்கிறேன். சுமாராக இருந்தது.